பிளஸ் டூ எங்கே படிப்பது?

பத்தாம் வகுப்பு முடித்த காரைக்கால் மாணவரே, கல்லூரிக் கவலைக்கு இன்னும் இரண்டாண்டு உண்டென்று எண்ணுகிறீர்களா? பொறுங்கள். உங்கள் திருவேட்டக்குடியில் புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறதல்லவா? 2010இல் தொடங்கப்பெற்றது. ஜே.இ.இ. மெயின் தேர்வின் தரவரிசைப்படி சேர்க்கை. இடங்களில் பாதி சொந்த மாநிலத்தாருக்கு.

சொந்த மாநிலம் எது? வீடு இருக்கும் மாநிலமன்று. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாநிலம்! காரைக்காலில் குடியிருந்துகொண்டே, எல்லை தாண்டி நாகூர்ப் பள்ளிக்குப் பேருந்தில் போய்ப் படித்தீர்களானால், நீங்கள் தமிழ்நாட்டுக் கணக்கு. திருச்சிக் கழகத்தில் உள்ளூர்ப் பங்கு கிடைக்கும். ஆனால் அங்கே போட்டி மிகக் கடுமை. வீட்டு வாசலில் உள்ள பங்கோ போய்விடும்.

புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்கான சென்டாக் சேர்க்கை வேறு விதம். அது குடியிருப்புச் சான்றிதழைக் கேட்கும். தேர்வு முடிந்த கையோடு தாலுகா அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.