கரைக்குத் தெரியாத விநாடிகள்

நீச்சல் வீரர் நேரத்தை இழப்பது பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான். ஸ்டாப்வாட்சோடு கரையில் நிற்கும் பயிற்சியாளருக்கு ஒரு லேப் எத்தனை விநாடி என்பது தெரியும். அந்த விநாடிகள் எந்த இடத்தில் வீணாயின என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வீரரின் இடுப்பிலோ மணிக்கட்டிலோ ஒரு சிறிய உணரியைக் கட்டுகிறார்கள்.

உள்ளே இருப்பவை நம் செல்போனில் இருப்பவையே. போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்குக் காரணமான முடுக்கமானி ஒன்று. உடல் எவ்வளவு வேகமாக உருள்கிறது என்று அளக்கும் ஜைரோஸ்கோப் ஒன்று. கை நீரை இழுக்கும்போது உடல் முன்னே பாய்கிறது. இழுப்பு முடிந்ததும் நீர் அதைத் தடுக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தை உணரி இடைவிடாமல் பதிவுசெய்கிறது. எத்தனை முறை கை வீசினார், சுவரில் திரும்ப எவ்வளவு நேரமானது, ஃப்ரீஸ்டைலில் உடல் இரு பக்கமும் ஒரே அளவில் உருள்கிறதா என்பதெல்லாம் அதிலிருந்து கிடைக்கும்.

புளூடூத் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். அதனால் பதிவுகளைக் கருவியிலேயே சேமித்து, வீரர் கரையேறிய பிறகு இறக்கிப் பார்ப்பதே வழக்கம். முடுக்கத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும்போது சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். சுவரைத் தொடும்போது கணக்கைப் புதிதாகத் தொடங்குவது அதற்கு ஒரு வழி.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக நீச்சல் அணியோடு இந்த வேலையைச் செய்தவர் கென் ஓனோ. ராமானுஜனின் கணிதத்தில் ஆழ்ந்தவர். ராமானுஜனைப் பற்றிய 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி' படத்துக்குக் கணித ஆலோசகர். அந்த வழியில் வந்தவர் நீச்சல் குளத்தருகே நிற்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அந்த அணியின் கேட் டக்ளஸ் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் வீராங்கனை. இந்த நீச்சலில் முதல் பாய்ச்சலுக்குப் பிறகும் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் நீருக்குள் ஒரு நீண்ட இழுப்பு உண்டு. அப்போது அவர் தலையை வைத்திருந்த விதம் நீரின் தடையைக் கூட்டுவதாகத் தரவு காட்டியது. அவர் அதைத் திருத்திக்கொண்டார். கருவி இடத்தைக் காட்டும், அவ்வளவே. பழகிய உடலை மாற்றப் பயிற்சியாளரும் வீரரும் நாள்கணக்கில் உழைக்க வேண்டும்.

50 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் போட்டியென்றால் அந்த இழுப்பு நான்கு முறை வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் போட்டியில் டக்ளஸ் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்தவரை அவர் முந்தியது 0.36 விநாடியில்.