சுவரில் ஊன்றிய பன்னம்

மாத்தளைத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டு நினைவிருக்கும். மண்மேட்டோரம் நிற்கும் வெள்ளிப் பன்னத்தின் இலையைப் பறித்து, அடிப்பக்கத்தைப் புறங்கையில் வைத்து ஓர் அடி அடித்தால் வெள்ளைக் கோலமாக இலை பதிந்துவிடும். ஒட்டுவது இலையடியில் சுரக்கும் மாவு போன்ற பூச்சு. செடியோ அமெரிக்க வெப்ப மண்டலத்திலிருந்து வந்து இங்கே ஊன்றிக்கொண்டது.

தமிழ்நாட்டார் பெரணி என்பதைத்தான் நாம் பன்னம் என்கிறோம். அதற்குப் பூவில்லை, காயில்லை, விதையுமில்லை. பிறகு எப்படிப் பாறை இடுக்கிலும் லயத்துப் பின்சுவரிலும் முளைக்கிறது?

இலையைத் திருப்பிப் பாருங்கள். பழுப்புப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ தெரிபவை வித்திக்கலன்களின் கூட்டங்கள். பெரும்பாலான பன்னங்களில் ஒரு கலனுக்குள் 64 வித்திகள் இருக்கும். கலனைச் சுற்றி ஒரு வளையம் உண்டு. அதிலுள்ள நீர் வற்ற வற்ற வளையம் பின்னோக்கி வளைந்து கலனைப் பிளக்கும். பிறகு சட்டென்று கவண்போல் திரும்பி அடித்து வித்திகளை வீசும். தூசிபோன்ற அவற்றைக் காற்று கொண்டுபோகும்.

விழுந்த வித்தி உடனே பன்னமாகாது. முதலில் நகத்தளவுகூட இல்லாத பச்சைத் தகடாகிறது. பெரும்பாலும் இதய வடிவம். அதன் அடியில் உருவாகும் ஆண் அணு நீந்தித்தான் பெண் அணுவைச் சேர வேண்டும். நீர்ப்படலம் இல்லையேல் புதுப் பன்னம் இல்லை. கசியும் பாறையும் பாசி படர்ந்த சுவரும் அதற்கு வாய்த்த இடமானது இதனால்தான்.

றத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டனுக்கு ஏறினால் இந்த ஈரத்தின் உச்சத்தைக் காணலாம். 2010 இல் உலக மரபுரிமையான மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி, இந்த நக்கிள்ஸ் மலைத்தொடர். மூடுபனி தங்கும் இதன் காடுகளில் சவ்வுப் பன்னங்கள் பாறையோடும் மரப்பட்டையோடும் ஒட்டி வாழ்கின்றன. நரம்புகளுக்கு இடையே அவற்றின் இலை பெரும்பாலும் ஒரே கல அடுக்குத்தான், இலைவாயும் கிடையாது. பனியை இலைப்பரப்பாலேயே உறிஞ்சும், காற்று உலர்ந்தால் சுருண்டுகொள்ளும். கறுத்த மெல்லிய காம்புடைய அடியாந்தமோ நேர்மாறு: அதன் இலையில் நீர் ஒட்டாமல் உருண்டோடும். நனையாதது என்பதே அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள்.

சவ்வுப் பன்னத்தைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மலைப்பனி உடன் வராது. வீட்டுச் சுவரிலுள்ள பன்னத்தில் பழுப்புப் புள்ளி கண்டால் நோயென்று கிள்ளி எறியவும் வேண்டாம். அடுத்த தலைமுறை அங்கேதான் இருக்கிறது.