பின் எடுக்கிற ஆபீசில் கணக்குப் பார்த்தவன்

கோயில் அன்னதான வரிசையில் நிற்கும்போது யாராவது வந்து தோளைத் தட்டுவார்கள். "அண்ணை, நீங்கள் கவுன்சிலிலைதானே வேலை? எங்கட றோட்டிலை ரெண்டு கிழமையா பின் எடுக்க வரேல்லை." லண்டனில் உள்ளூராட்சி மன்றம் ஒன்றின் நிதிப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்த எனக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் 'பின் எடுக்கிற ஆபீஸ்காரர்'. பின் என்றால் இங்கே குப்பைத் தொட்டி. நான் மறுத்ததில்லை. குப்பை வண்டிக்கு அடித்த டீசல் எந்தக் கணக்கில் விழுந்தது என்று தெரிந்தவன் என்ற வகையில் அந்தப் பெயரில் பிழையும் இல்லை.

ஓய்வு பெறும்போது நான் துணை நிதி அதிகாரி. எனக்கு மேலே ஒரே ஒருவர்தான், நிதி இயக்குநர். ஆபீசில் அந்தப் பதவியை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. '151' என்போம். "151 பார்த்தாச்சா?", "151 ஒத்துக்கொண்டாவா?" 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தில் 151ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு வாக்கியம். மன்றம் தன் பண விவகாரங்களை ஒழுங்காக நடத்த ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பைத் தன் அதிகாரிகளில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். குழுவிடம் அல்ல, திணைக்களத்திடம் அல்ல, ஒருவரிடம்.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பாதான் நினைவுக்கு வந்தார். அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் கிளாக்கர். கச்சேரிக்குத் தலைவர் ஏஜண்டர், காசுப் பெட்டிக்குப் பொறுப்பானவர் சிறாப்பர். "ஏஜண்டர் பெரிய ஆள்தான். ஆனால் பின்னேரம் பெட்டியிலை ஒரு ரூபாய் குறைஞ்சால் ஏஜண்டரைக் கேக்க மாட்டினம், சிறாப்பரைத்தான் கேப்பினம்" என்பார். இங்கிலாந்தில் கவுன்சிலர்கள்தான் ஏஜண்டர். மக்கள் வாக்குப் போட்டு வந்தவர்கள். எதற்குச் செலவழிப்பது, எந்த நூலகத்தை மூடுவது, வரியை எவ்வளவு கூட்டுவது எல்லாம் அவர்கள் முடிவு. பெட்டி மட்டும் 151இன் கையில்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சம்பளம் கொடுப்பது மன்றம். ஆனால் 1906இலேயே ஆங்கிலேய நீதிமன்றம் ஒன்று, நகரப் பொருளாளர் மன்றத்தின் வெறும் வேலையாள் அல்ல, வரி கட்டும் ஊர்மக்களுக்கும் அவர் கடமைப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு மாறாகப் பணம் கொடுத்துவிட்டு 'மன்றம் சொன்னது, செய்தேன்' என்று தப்ப முடியாது. முதலாளி ஒருவர், எசமான்கள் ஒன்றிரண்டு லட்சம் பேர்.

இந்த நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது. 1988ஆம் ஆண்டின் உள்ளூராட்சி நிதிச் சட்டம், 113ஆம் பிரிவு. ஆறு கணக்காளர் நிறுவனங்களின் பெயர் அதில் இருக்கிறது. அவற்றில் ஒன்றில் உறுப்பினராக இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 151 ஆக முடியாது. பட்டியலில் இருக்கும் 'சிப்ஃபா' உள்ளூராட்சிக்காரர்களின் சொந்த வீடு. 1885இல் நகரசபைப் பொருளாளர்கள் கூடித் தொடங்கியது. பட்டியலில் 'சீமா'வும் இருக்கிறது. கொழும்பில் எண்பதுகளில் படித்தவர்களுக்குச் சீமா என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலைச் செலவுக் கணக்கில் கரை கண்டவர்களை உருவாக்கும் பரீட்சை. நான் பாதியைக் கொழும்பில் எழுதினேன், மீதியை லண்டனில், பெற்றோல் செட்டில் இரவு வேலை பார்த்தபடி. அதிகாலை இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் கார்கள் வராது. அந்த இரண்டு மணி நேரத்தில் படித்ததுதான் என் படிப்பு.

கவுன்சிலில் சேர்ந்தபோது சிப்ஃபாக்காரர்கள் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார்கள். காரணம் ஒரு மாதத்தில் புரிந்தது. கடையில் ஆட்கள் கூடினால் வருமானம் கூடும். கவுன்சிலில் ஆட்கள் கூடினால் செலவுதான் கூடும். ஒரு வயோதிபர் வழுக்கி விழுந்தால் நாளையிலிருந்து அவருக்குப் பராமரிப்பு வேண்டும், சட்டக் கடமை. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பிள்ளையைத் தனி இல்லத்தில் வைத்துப் பார்க்கக் கிழமைக்கு ஆயிரக்கணக்கான பவுண் போகலாம். 'இந்த வருடம் காசு முடிந்தது, ஏப்ரலில் வா' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. அதோடு பணமெல்லாம் ஒரே பெட்டியிலும் இல்லை. பாடசாலைக்கு வந்த பணத்தில் பின் எடுக்கக் கூடாது. கவுன்சில் வீடுகளின் வாடகை தனிக் கணக்கு. மூலதனத்துக்கு எடுத்த கடனில் சம்பளம் கொடுக்கக் கூடாது. நகை அடகு வைத்த காசில் அரிசி வாங்கக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் இருந்தால் எப்படியிருக்கும்? அப்படி.

செப்டம்பரில் எங்கள் வேலை சூடு பிடிக்கும். வருகிற ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கு எவ்வளவு துண்டு விழும் என்று முதல் கணக்கு அப்போதுதான் வரும். என் மேலதிகாரி, உயரமான யோர்க்ஷயர்ப் பெண்மணி, அந்தத் தாளைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு திணைக்களம் திணைக்களமாக நடந்து போவா. மின்னஞ்சல் அனுப்ப மாட்டா. "தாளில் கேட்டால் தாளில்தான் பதில் வரும், முகத்தைப் பார்த்தால் எது பொய்க்கணக்கு என்று தெரியும்" என்பா. சிறுவர் நலப் பிரிவின் தலைவர் "இரண்டு மில்லியன் மிச்சம் பிடிப்போம்" என்று சொன்னால் உடனே கேட்பா: "எந்தப் பிள்ளை? எந்தத் தேதியில்?" பெயரும் தேதியும் இல்லாத சேமிப்பை அவ எழுதியதே இல்லை.

பிறகு பெப்ரவரி. மன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றும் கூட்டத்துக்கு முன் 151 தன் பெயரில் ஓர் அறிக்கை வைக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. மதிப்பீடுகள் நம்பக்கூடியவைதானா, கையிருப்பு நிதி போதுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில். கவுன்சிலர்கள் அதைப் படித்துவிட்டு எதிராக வாக்களிக்கலாம். தெரியாது என்று மட்டும் பிறகு சொல்ல முடியாது. அந்த அறிக்கையின் முதல் பிரதியைச் சில ஆண்டுகள் நான்தான் எழுதினேன். 'போதுமானது' என்று நான் எழுதிய இடத்தில் அவ 'தற்போதைக்குப் போதுமானது' என்று சிவப்பு மையில் ஒரு சொல்லைச் சேர்ப்பா. அந்த ஒரு சொல்லுக்காக இரவு பத்து மணிக்குக் கவுன்சில் தலைவரின் தொலைபேசி வந்ததை நான் அறிவேன். மார்ச் 11க்கு முன் வரி நிர்ணயிக்கப்பட்டாக வேண்டும் என்பதால் சண்டைக்கும் கெடு உண்டு.

பணத்தை வைத்திருப்பதும் ஒரு வேலை. சம்பள நாள்வரை கையில் இருக்கும் கோடிகளை எங்கே போட்டு வைப்பது? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பாதுகாப்பு, பிறகு வேண்டும்போது எடுக்க முடிவது, கடைசியில்தான் வட்டி. 2008 ஒக்டோபரில் ஐஸ்லாந்து வங்கிகள் விழுந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட பிரித்தானிய உள்ளூராட்சி அமைப்புகளின் பணம் உள்ளே மாட்டியது; மொத்தம் தொள்ளாயிரம் மில்லியன் பவுணுக்கும் மேலே. வருடக்கணக்கில் இழுபட்டுப் பெரும்பகுதி திரும்பி வந்தது. எங்கள் மன்றம் தப்பியது. புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்தக் கிழமை வேறு வங்கி கூடிய வட்டி தந்தது என்பதுதான் உண்மை.

2017இல் எங்களுக்கும் ஒரு சோதனை வந்தது. அரசாங்கத்தின் பொதுப்பணிக் கடன் சபையில் அப்போது கவுன்சில்களால் மிகக் குறைந்த வட்டிக்கு நீண்டகாலக் கடன் எடுக்க முடிந்தது. எடுத்து எங்கேயாவது ஒரு கடைத்தொகுதியை வாங்கினால் வாடகை அதைவிடக் கூட. நடுவில் நிற்பது இலாபம். நூலகத்தை மூட வேண்டியதில்லை. மத்திய அரசின் மானியம் ஆண்டுக்காண்டு சுருங்கிய காலம் அது. பல மன்றங்கள் வாங்கின. எங்கள் மன்றத்திலும் ஒரு தரகர் வந்து வழுவழுப்பான தாளில் படம் காட்டினார். எங்கோ வடக்கே, எங்களில் ஒருவரும் கண்ணால் காணாத கடைத்தொகுதி. மூத்த கவுன்சிலர் ஒருவர் மேலதிகாரியைப் பார்த்து, "பக்கத்து மன்றங்கள் எல்லாம் செய்கின்றன, உங்களுக்கு மட்டும் என்ன பயம்?" என்றார். அவ திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "பெரிய கடை போய்விட்டால் யாருடைய பின்னை எடுக்காமல் விடுவது என்று இன்றைக்கே எழுதித் தருவீர்களா?" எழுதித் தரவில்லை. வாங்கவும் இல்லை. இரண்டு வருடம் அவவைக் கோழை என்று சொன்னார்கள். 2020 நவம்பரில், வாடகை இலாபத்துக்காகச் சொத்து வாங்குகிற மன்றங்களுக்குக் கடன் இல்லை என்று அரசாங்கமே விதியை மாற்றியது. யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அவவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தின் கணக்கு மற்ற இடங்களில் வெளிவந்தது. லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங். ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். ஹோட்டலும் வானளாவிய கோபுரங்களுமாகக் கட்டக் கிட்டத்தட்ட இரண்டு பில்லியன் பவுண் கடன். 2023 ஜூனில் கணக்கை விரித்தபோது 1.2 பில்லியன் பள்ளம். அந்த மன்றத்தின் வருடாந்த அடிப்படை வருமானம் 16 மில்லியன். எனக்கு இதில் கோபுரங்கள் பெரிதாகப்படவில்லை. கடன் எடுத்தால் அசலை அடைக்க வருடா வருடம் ஒரு தொகையை ஒதுக்கியே ஆக வேண்டும். சீட்டுக் கட்டுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். அந்தத் தொகையைப் போதிய அளவு ஒதுக்காமலே ஆண்டுகள் போயிருந்தன. சூரிய மின்சாரப் பண்ணைகளில் நூற்றுக்கணக்கான மில்லியன்களைப் போட்ட தரொக் மன்றத்திலும் அதே கதை.

இப்படிப் பள்ளம் தெரிந்த பிறகு 151இன் கையில் இருக்கும் கடைசி ஆயுதம் 114ஆம் பிரிவு. அதே 1988 சட்டம். ஆண்டுச் செலவு வருமானத்தையும் கையிருப்பையும் மிஞ்சும் என்று அவருக்குத் தோன்றினால், ஒவ்வொரு கவுன்சிலருக்கும் கணக்காய்வாளருக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பலாம் என்றல்ல, அனுப்பியே ஆக வேண்டும். தலைமை நிர்வாகியிடமும் சட்ட அதிகாரியிடமும் ஆலோசிக்க வேண்டும். அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்த நிமிடத்திலிருந்து புதுச் செலவு நின்றுவிடும். 21 நாளுக்குள் மன்றம் கூடி என்ன செய்வதென்று பேச வேண்டும். பத்திரிகைகள் 'திவால்' என்று எழுதும். இங்கே மன்றம் திவாலாக முடியாது. பிள்ளைகளையும் முதியோரையும் பார்க்கும் கடமை நின்றுவிடாது. நிற்பது மற்றதெல்லாம்.

2000இல் ஹாக்னிக்குப் பிறகு ஏறத்தாழ இருபது வருடம் இந்த அறிக்கை எழுதப்படாமலே கிடந்தது. 2018 பெப்ரவரியில் நோர்தாம்ப்டன்ஷயர் எழுதியது. சில மாதம் முன்புதான் 53 மில்லியன் பவுணில் புதுத் தலைமையகம் திறந்திருந்தார்கள். அதையும் விற்று வாடகைக்கு இருந்தார்கள். 2021இல் அந்த மன்றமே கலைக்கப்பட்டு இரண்டாகியது. நம் ஆட்கள் நிறைய இருக்கும் குரொய்டன் 2020 நவம்பரில் எழுதியது. மன்றமே தொடங்கிய வீடு கட்டும் கம்பனிக்குச் சுமார் 200 மில்லியன் கடன் கொடுத்திருந்தார்கள். 2023இல் அங்கே கவுன்சில் வரி 15 வீதம் ஏறியபோது கோயில் வரிசையில் எனக்கு வந்த கேள்விகள் பின்னைப் பற்றியவை அல்ல.

பேர்மிங்ஹாமின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர்கள் எழுதியது 2023 செப்டம்பரில். அங்கே பழைய காலத்துச் சம்பள முறையில் குப்பை அள்ளுபவர்கள் போன்ற ஆண்கள் அதிகமுள்ள வேலைகளுக்கு போனஸ்; அதே தரத்தில் வைக்கப்பட்ட சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்கு இல்லை. 2012இல் உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பெண்கள் வென்றார்கள். ஒரு பில்லியனுக்கும் மேல் கொடுத்த பிறகும் பாக்கி 650 முதல் 760 மில்லியன் வரை இருக்கலாம் என்று அன்றைக்கு மதிப்பிட்டார்கள். போதாக்குறைக்குப் புதுக் கணக்குக் கணினி முறையும் சரியாக ஓடவில்லை. யாரும் கோபுரம் கட்டவில்லை. சமையற்காரப் பெண்ணுக்குக் கொடுக்காத காசு இத்தனை வருடம் கழித்து வட்டியோடு வந்து நின்றது.

எங்கள் மேலதிகாரியின் மேசை லாச்சியில் ஒரு 114 அறிக்கை தயாராக இருந்தது. 2010க்குப் பிறகு ஒவ்வொரு செப்டம்பரிலும் எண்களைப் புதுப்பித்துக் கொடுப்பது என் வேலை. தேதியும் கையெழுத்தும் மட்டும் பாக்கி. கவுன்சில் தலைவருக்கு அது இருப்பது தெரியும். ஒருமுறை அவ மூன்று மாதம் நோயில் படுத்தபோது லாச்சிச் சாவி என்னிடம் வந்தது. துணையாளாகப் பெயர் குறிக்கப்பட்டிருந்ததால் எழுதும் கடமையும் அதோடு வந்தது. அந்த மூன்று மாதமும் வீட்டில் நான் சரியாகப் பேசவில்லை என்று மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவா.

இப்போது நானும் வரி கட்டுகிறவன் மட்டும்தான். மார்ச்சில் கவுன்சில் வரிக் கடிதம் வந்தது. மனைவி உறையைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "4.99 வீதமாம், பிறகும் கூட்டிப்போட்டாங்கள்" என்று என் முன்னால் போட்டா. நான் கணினியில் பட்ஜெட் கூட்டத்தின் தாள்களைத் திறந்து, 25ஆம் பிரிவு அறிக்கையைத் தேடி எடுத்து, கையிருப்பு நிதி பற்றிய பந்திக்குப் போனேன். யார் எழுதியதென்று தெரியவில்லை, புது ஆள். 'தற்போதைக்கு' என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்னவாம்?" என்றா மனைவி.

"இந்த வருஷம் பின் எடுப்பினம்" என்றேன்.