மடங்க மறுக்கும் முழங்கால்

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மகிழுந்து உற்பத்தி தொடங்கியபின், திருப்பெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்கூடங்கள் நிரைநிரையாய் எழுந்தன. நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவரும் அங்கே பணிக்குச் சென்றார். இரவுப்பணி முடித்து இருசக்கர வண்டியில் திரும்புகையில் வீழ்ந்தார். முழங்காலையொட்டிய எலும்பு முறிந்தது. மாவுக்கட்டால் எலும்பு கூடிற்று. ஆயின் கால் மடங்கவில்லை. நம்மைக் காண வந்தவர் துறையின் மாடிப்படியேற இயலாமல் கீழேயே நின்றுவிட்டார். அக்காட்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

காயத்தை ஆற்ற உடல் கொலாஜன் எனும் புரத இழைகளை நெய்கின்றது. அவை அளவுமீறிப் பெருகின், மூட்டின் உட்பரப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நெடுநாள் அசைவின்மை இதனை வளர்க்கும். நலமான முழங்கால் ஏறத்தாழ 135 பாகை மடங்கும். சமதரையில் நடக்க 60 முதல் 70 பாகை வேண்டும். படியேற ஏறத்தாழ 90 வேண்டும். தரையில் சம்மணமிட அதனினும் மிகுதி வேண்டும். நம் மாணவர்க்கு எஞ்சியது 50 பாகையே.

மருத்துவம் படிப்படியானது. முதற்படி பயிற்சி. அது பயன்தராவிடின், தொடக்கத் திங்கள்களிலேயே, மயக்கமருந்து தந்து மருத்துவர் காலை மடக்கி ஒட்டுகளை நெகிழ்விப்பார். தழும்பு முற்றியபின் வலிந்து மடக்கினால் எலும்பு முறியக்கூடும். அந்நிலையில் சிறு துளைகள் வழியே ஆர்த்ராஸ்கோப் எனும் அகநோக்கியைச் செலுத்தி, ஒட்டுகளை அறுத்து நீக்குவர். தொடைத்தசையே எலும்போடு ஒட்டியிருப்பின், திறந்த அறுவையால் அத்தசையை விடுவித்தல் வேண்டும். தாம்சன் என்பார் 1944இல் அம்முறையை விளக்கினார்.

எனினும் அறுவை பாதியே. மறுநாளே தொடங்கும் பயிற்சி மறுபாதி. அதனைக் கைவிட்டால் தழும்பு மீண்டும் வளரும். கூலி போகுமென அஞ்சியே நம் மாணவர் முன்னர்ப் பயிற்சியைக் கைவிட்டார். பணிக்குச் சென்றுவரும் வழியில் நேரும் விபத்தையும், பணியோடு தொடர்புடையதாயின், பணிக்காயமாகக் கொள்ளும் திருத்தம் 2010இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அவர் அதனை அறிந்திலர். கற்பித்த நாமும் அறிந்திலோம்.

அகநோக்கி அறுவைக்குப்பின் அவர் நாள்தோறும் வலி பொறுத்துப் பயின்றார். இன்று அவர் முழங்கால் 110 பாகை மடங்குகின்றது. அண்மையில் துறைக்கு வந்தார், படியேறியே வந்தார். எலும்பு கூடினால் போதுமென்று அமைதல் கூடாது. கால் எப்போது மடங்கும், பயிற்சியை எந்நாள் தொடங்கலாம் என மருத்துவரைத் தொடக்கத்திலேயே வினவுதல் வேண்டும். தொழிற்கூடங்களுக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்கள் இதனை நெஞ்சிற் கொள்வாராக.