பழைய தமிழ் இதழ்கள் சேகரிப்பு

பழைய தமிழ் இதழ்கள் சேகரிப்பு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வெளிவந்த வார, மாத இதழ்களைத் தேடிப் பெற்றுப் பாதுகாப்பதைக் குறிக்கும். விற்ற நூல் மறுபதிப்பு காணும். இதழுக்கு அந்த வாய்ப்பு அரிது. படித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். ஆனால் நவீனத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி முதலில் அச்சேறியது இதழ்களில்தான். பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த புதுமைப்பித்தன் கதைகள் 2000-இல் வெளிவந்தது. கதைகள் முதலில் வந்த இதழ்களைத் தேடி ஒப்பிட்டே அதன் பாடம் உறுதிசெய்யப்பட்டது. அந்த இதழ்களை யாரும் வைத்திருக்கவில்லை என்றால் அப்பதிப்பு சாத்தியமில்லை.

ரோஜா முத்தையா

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, தமிழ்ச் சேகரிப்பாளர்களில் முதன்மையானவர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். நூல்கள், இதழ்களோடு நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் போன்ற துண்டுத் தாள்களையும் அவர் விடவில்லை. அறிஞர்கள் கழித்துக்கட்டியவற்றையும் சேர்த்து வைத்ததே அவரது தனித்தன்மை. அவர் 1992-இல் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை விலைக்கு வாங்கியது. இருந்தும் அது கடல் கடந்து போகவில்லை. 1994-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் அடிப்படை அதுவே.

தொடரும் முழு இதழும்

தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து பைண்டு செய்வது தமிழ் வீடுகளில் பரவலாக இருந்த வழக்கம். 1950-இல் 'கல்கி'யில் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' மணியம் ஓவியங்களோடு இப்படிப் பல வீடுகளில் தங்கியது. கதை பிழைத்தது, அட்டை, தலையங்கம், வாசகர் கடிதம், சோப்பு விளம்பரம் ஆகியவை போயின. அக்கால விலைவாசியையும் பேச்சையும் அறிய விரும்பும் ஆய்வாளருக்கு அந்த விளம்பரமே கதையைவிட உதவும். ஆகவே சேகரிப்பாளர்கள் முழு இதழையே நாடுகின்றனர்.

காலத்தைக் கணித்தல்

பழைய இதழ்கள் சிலவற்றில் தமிழ் ஆண்டின் பெயர் மட்டுமே இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால், 'பிரபவ' என்பது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். உள்ளே வரும் செய்தி, விலை, அச்சக முகவரி ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். தொகுதி எண்ணையும் இதழ் எண்ணையும் 'மாலை', 'மணி' எனவும் குறித்தனர்.

பாதுகாப்பு

மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் காலப்போக்கில் அமிலம் பெருகும். தாள் பழுப்பேறி, மடித்தால் ஒடியும். கரையானும் இராமபாணப் பூச்சியும் ஈரச் சுவர் வழியே வருகின்றன; எனவே இரும்பு அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. துருப்பிடித்த கம்பித் தையலை மெதுவாக நீக்கிவிடலாம். லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஒடியும் நிலையில் உள்ள இதழை அடிக்கடி புரட்டாமல், ஒருமுறை படமெடுத்து அந்தப் படத்தைப் படிப்பதே வழி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இவ்வாறு மின்னாக்கம் செய்யப்பட்ட பழைய இதழ்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் படிக்கலாம்.