ரோரோ வண்டியும் தீவு வெயிலும்: டிரினிடாடில் ஹைப்ரிட் கார் வைத்திருப்பது பற்றி

டிரினிடாட் தீவின் சாலைகளில் நின்று பார்த்தால், போகிற வருகிற கார்களில் நிறைய கார்கள் முதலில் ஜப்பானில் யாரோ ஓட்டியவை என்பது தெரியும். காரணம் சுலபமானது. ஜப்பானைப் போலவே அங்கும் சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டீயரிங் வலது பக்கம். ஜப்பானில் ஷாகென் என்றொரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புது வண்டிக்கு மூன்று வருடம் கழித்து முதல் தடவை, அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் செலவு. "இதுக்குப் பதிலா வித்துட்டுப் புதுசு வாங்கிடலாமே" என்று அந்த ஊர்க்காரர்கள் நினைக்கிற வண்டிகள் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, பாதி உலகம் சுற்றி போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வந்து இறங்குகின்றன. கப்பலுக்குள் ஓட்டி ஏற்றி, வெளியே ஓட்டி இறக்குவதால் 'ரோல் ஆன் ரோல் ஆஃப்', சுருக்கமாக ரோரோ. ஜமைக்காவில் இதே மாதிரி வண்டிக்கு 'டிப்போர்ட்டி' என்று பட்டப்பெயர், அதாவது நாடு கடத்தப்பட்டவன். பெயர் வைத்தவர் குசும்புக்காரர்தான்.

வேலை நிமித்தமாக நாலு வருஷம் டிரினிடாடில் இருந்தேன். அப்போது வைத்திருந்தது ஒரு டொயோட்டா ஆக்வா. 2011 கடைசியில் ஜப்பானில் வெளிவந்த சின்ன ஹைப்ரிட், அமெரிக்காவில் பிரியஸ் சி என்ற பெயரில் விற்றார்கள். பகலில் கோடு எழுதுகிறவன், ராத்திரியில் அந்தக் காரின் கணினி என்ன நினைக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எடுத்து வைத்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுக்கிறேன். இலங்கை நண்பர்களுக்கும் இது உதவும், ஏனென்றால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடுவது இதே ஆக்வா, இதே பிரியஸ், இதே ஃபிட்.

முதலில் காசுக் கணக்கு. டிரினிடாட் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற நாடு. பாயின்ட்-ஆ-பியேர் சுத்திகரிப்பு ஆலையை 2018இல் மூடிய பிறகு பெட்ரோலை இறக்குமதிதான் செய்கிறார்கள், ஆனாலும் பல காலமாக மானியம் இருந்ததால் விலை குறைவு. 2022 செப்டம்பரில் ஏற்றியபோது சூப்பர் பெட்ரோல் லிட்டருக்கு 6.97 டிடி டாலராக இருந்தது, கிட்டத்தட்ட ஒரு அமெரிக்க டாலர். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் சாதாரண கார் 1,250 லிட்டர் குடிக்கும். 20 தரும் ஹைப்ரிட் 750 லிட்டர். மிச்சம் 500 லிட்டர், அந்த விலைக்குச் சுமார் 3,500 டிடி டாலர். நல்ல தொகைதான், ஆனால் வாழ்க்கையை மாற்றுகிற தொகை இல்லை. பேட்டரி ஒரு தடவை போனால் பல வருஷ மிச்சம் ஒரே நாளில் காலி. ஆக, தீவில் ஹைப்ரிட் லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது மைலேஜ் அல்ல, பேட்டரியின் ஆயுசு. பார்படாஸ், ஜமைக்கா மாதிரி எரிபொருள் விலை அதிகமான தீவுகளில் கணக்கு இன்னும் கொஞ்சம் சாதகமாக வரும், ஆனால் தராசின் முள் அங்கேயும் பேட்டரி பக்கம்தான்.

சரி, அந்தப் பேட்டரி என்ன? முதல் தலைமுறை ஆக்வாவில் பின் இருக்கைக்குக் கீழே ஒரு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பெட்டி இருக்கிறது. 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்து ஒரு மாட்யூல். அப்படி 20 மாட்யூல், மொத்தம் 144 வோல்ட். கொள்ளளவு என்று பார்த்தால் சுமார் ஒரு யூனிட் மின்சாரம், நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட். அவ்வளவுதான். இந்தக் குட்டிப் பெட்டி நாள் பூராவும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிரேக் போட்டால் சார்ஜ், கிளம்பினால் டிஸ்சார்ஜ். ஆயுசு நீடிக்கவேண்டும் என்று கணினி இதை முழுசாக நிரப்பவும் விடாது, முழுசாக வற்றவும் விடாது.

இதற்கு எதிரி தூரம் இல்லை, சூடு. நிக்கல் பேட்டரி சூடாக ஆக, உள்ளே போகிற மின்சாரத்தில் ஒரு பங்கு சேமிப்பாகாமல் வெப்பமாகவே வீணாகும். அந்த வெப்பம் இன்னும் சூட்டைக் கூட்டும். டொயோட்டா இதைக் குளிர்விக்க வைத்திருப்பது ஒரு சின்ன ஃபேன். அது காற்றை எங்கிருந்து இழுக்கிறது தெரியுமா? காருக்கு வெளியிலிருந்து இல்லை, கேபினுக்குள்ளிருந்து, பின் இருக்கையின் ஓரத்தில் இருக்கிற ஒரு ஜாலி வழியாக. அதாவது நீங்கள் சுவாசிக்கிற காற்றைத்தான் பேட்டரியும் சுவாசிக்கிறது.

இங்கேதான் தீவுக்காரர்கள் பலர் நேர்மாறாகச் செய்வதைப் பார்த்தேன். பெட்ரோலை மிச்சப்படுத்த ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து ஓட்டுகிறார்கள். வெளியே 32 டிகிரி, மதியம் முழுக்க வெயிலில் நின்ற வண்டிக்குள் அதைவிட மிக அதிகம். பேட்டரி அந்த அனலைத்தான் இழுக்கும். என் போனில் பார்த்தபோது, வெயிலில் நின்ற வண்டியை எடுத்த உடனே பேட்டரி வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி இருக்கும். ஏசி போட்டுக் கேபின் குளிர்ந்தால்தான் அது மெல்ல இறங்கும். ஆக்வாவின் ஏசி கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. சிக்னலில் எஞ்சின் நின்றாலும் ஏசி நிற்காது. என் கட்சி இதுதான்: வெப்ப நாட்டில் ஹைப்ரிட் வைத்திருப்பவர் ஏசிக்கு ஆகிற பெட்ரோலைப் பேட்டரியின் மருந்துச் செலவாக எழுதிக்கொள்ளவேண்டும்.

அந்த ஜாலியை மறைத்துப் பையும் மூட்டையும் வைப்பது இன்னொரு பொதுவான பழக்கம். சனிக்கிழமை சந்தைக்குப் போய்வந்தால் பின் இருக்கை பூராவும் காய்கறி. மூக்கைப் பொத்தின மாதிரிதான்.

அடுத்தது தூசி. கரீபியனில் என்ன தூசி என்று எனக்கும் முதலில் ஆச்சரியமாக இருந்தது. ஆப்பிரிக்காவின் சஹாரா பாலைவனத் தூசி காற்றில் ஏறி அட்லாண்டிக்கைத் தாண்டி இந்தத் தீவுகளின் மேல் வந்து படிகிறது. 2020 ஜூனில் வந்த தூசிப் படலம் உலகச் செய்தியானது, 'காட்ஸில்லா' என்றே பெயர் வைத்தார்கள். மற்ற வருஷங்களிலும் மலைகள் மங்கலாகத் தெரிகிற நாட்கள் உண்டு. இந்த மாவு மாதிரித் தூசி கேபினுக்குள் வந்து, சீட்டு நூலும் தலைமுடியும் சேர்ந்து, பேட்டரி ஃபேனின் இதழ்களில் கம்பளி மாதிரி படியும். ஃபேன் சுற்றும், காற்று வராது. ஜாலியைக் கழற்றித் தூசியை உறிஞ்சி எடுக்கப் பத்து நிமிஷம், காசு எதுவும் ஆகாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செய்யலாம். ஆனால் ஃபேனையே கழற்ற உள்ளே போவதென்றால் கதை வேறு. அங்கே ஆரஞ்சு நிற ஒயர்கள் இருக்கின்றன, ஆள் சாகிற வோல்டேஜ். வண்டியை அணைத்து, சர்வீஸ் பிளக்கை உருவி, கெபாசிட்டர்கள் வடிய குறைந்தது பத்து நிமிஷம் காத்திருந்து, உயர் அழுத்தத்துக்கான ரப்பர் கையுறையோடு தொடவேண்டிய இடம் அது. பழக்கமில்லாதவர்கள் அங்கே நின்றுவிடுவது நல்லது.

இவ்வளவும் பார்த்தும் ஒரு நாள் சிவப்பு முக்கோணம் எரியலாம். ஸ்கேனர் மாட்டினால் 'பி0ஏ80' என்று வரும், "பேட்டரியை மாற்று" என்பதற்கான கோடு. உடனே யாராவது, "ஒரு மாட்யூல்தான் போயிருக்கு, அதை மட்டும் மாத்தினா போதும்" என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். கொஞ்சம் யோசிப்போம். 20 மாட்யூல்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி மாதிரி இணைந்தவை. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றிலும் போகிறது. எல்லாம் ஒரே வயசு, ஒரே வெயில் தின்றவை. நடுவில் இருப்பவை ஓரத்தில் இருப்பவற்றைவிட அதிகம் வெந்தவை, அதனால் அவை முதலில் சாகும். செத்ததை எடுத்துவிட்டு வேறொரு வண்டியிலிருந்து எடுத்த மாட்யூலை வைத்தால், அதன் கொள்ளளவு அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாது. ஒன்று முன்னாடியே நிறையும், இன்னொன்று முன்னாடியே வற்றும். கணினி வோல்டேஜ் வித்தியாசத்தைப் பார்த்து மறுபடியும் விளக்கைப் போடும். சில மாதம் ஓடும், அடுத்தது சாகும். வண்டியை விற்கப்போகிறவருக்கு இந்த வைத்தியம் ரொம்பப் பிடிக்கும். வாங்குகிறவர்தான் பாவம். வைத்து ஓட்டப்போகிறவர் முழுப் பெட்டியாக மாற்றவேண்டும், அல்லது எல்லா மாட்யூலையும் தனித்தனியே சோதித்துச் சம கொள்ளளவு உள்ளவற்றைச் சேர்த்துக் கட்டுகிற ஆளைத் தேடவேண்டும்.

ஏசி வேலையில் யாரும் சொல்லாத ஒரு பொறி இருக்கிறது. சாதாரண காரின் ஏசிக்கு ஊற்றுகிற எண்ணெய் பேக் எனப்படும் வகை. ஹைப்ரிட்டின் மின் கம்ப்ரசருக்கு வேறு வகை, பிஓஇ. ஏனென்றால் அந்த எண்ணெய்க்குள்தான் உயர் அழுத்த மோட்டாரின் சுருள் மூழ்கிக் கிடக்கிறது, எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தக்கூடாது. பேக் எண்ணெய் கலந்தால் காப்பு குறையும். அப்புறம் வண்டி "மின்கசிவு இருக்கிறது" என்று புகார் செய்யும். கேஸ் ஏற்றப் போனவர் பேட்டரி பிரச்சினையோடு திரும்பி வருவார். கேஸ் அடிக்கிறவரிடம் "அண்ணே, எந்த எண்ணெய்?" என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குள் போகிற காலை நெரிசல் ஹைப்ரிட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். சர்ச்சில் ரூஸ்வெல்ட் நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பாதி நேரம் எஞ்சின் அணைந்தே கிடக்கும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு நிற்பது. பழைய டிரைவர்களின் கை தானாக அதைச் செய்யும். இந்த வண்டிகளில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

மராக்காஸ் கடற்கரைக்குப் போகிற மலைப்பாதை வேறு பாடம். ஆட்களோடு 1,250 கிலோ எடையுள்ள கார் 300 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 1,250 × 9.8 × 300, அதாவது ஏறக்குறைய 37 லட்சம் ஜூல். யூனிட்டில் சொன்னால் ஒன்று. நம் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவுதான், அதிலும் கணினி அனுமதிக்கிற இடைவெளி அதில் பாதிகூட இல்லை. காற்றும் டயரும் தின்றது போக மீதி, பாதி மலையிலேயே பேட்டரியை நிரப்பிவிடும். அதற்கப்புறம் வெறும் பிரேக் கட்டைதான். அதனால்தான் கியரில் 'பி' என்றொரு எழுத்து இருக்கிறது. அதில் போட்டால் எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் சும்மா சுற்றவைத்து வேகத்தைக் குறைக்கும். பலர் அதைத் தொட்டதே இல்லை.

பிரேக் கட்டைக்கு மற்ற நாட்களில் வேலை குறைவு, அதுவே கடலோரத்தில் தொல்லை. தேயாமல் சும்மா இருக்கிற டிஸ்க்கில் உப்புக்காற்று துருவேற்றும், காலிப்பர் பின்கள் இறுகிக்கொள்ளும். வருஷம் ஒரு தடவை கழற்றிக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். கட்டை புதுசு மாதிரி இருக்கிறதே என்று மெக்கானிக் சொன்னாலும் விடாதீர்கள்.

வண்டி ஒரு நாள் காலையில் செத்த மாதிரி கிடந்தால் பெரிய பேட்டரியைச் சந்தேகப்படுமுன் சின்ன 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். கணினிகளை எழுப்புவது அதுதான். அது கேபினுக்குள் இருப்பதால் வாயுவை வெளியே விடும் குழாயோடு வரும் தனி ரகம். கடைக்காரர் "சைஸ் சரியா இருக்கு" என்று சாதாரண ஆசிட் பேட்டரியைத் தந்தால் வாங்காதீர்கள்.

ஹோண்டா ஃபிட் ஹைப்ரிட் பற்றியும் கேட்கிறார்கள். 2013இல் வந்த மாடலில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஓட்ட சுகம். ஆனால் வெளிவந்து ஒரு வருஷத்துக்குள்ளேயே ஹோண்டா அதைப் பல தடவை திரும்ப அழைத்துச் சரிசெய்யவேண்டி வந்தது, பெரும்பாலும் மென்பொருள் காரணமாக. ஜப்பானில் இருக்கிற வண்டிக்கு அது இலவசம். சரிசெய்யப்படாமலே கப்பலேறிய வண்டியை டிரினிடாடில் யார் அழைப்பார்கள்? சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் போட்டுப் பார்ப்பது உங்கள் வேலை. கூகுள் மொழிபெயர்ப்பு போதும்.

ரேடியோவுக்கும் இதே கதிதான். ஜப்பானில் பண்பலை 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90 சொச்சத்தோடு முடிந்துவிடும். டிரினிடாட் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு மேலே. சோகா பாட்டு கேட்க ஒரு குட்டிக் கருவி வாங்கி ஆன்டெனா ஒயரில் மாட்டவேண்டும். விலை குறைவு, இரைச்சல் இலவசம்.

கடைசியாக வெள்ளம். 2018 அக்டோபரில் தீவின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. கரோனி சமவெளியில் சின்ன அளவில் அடிக்கடி நடப்பதுதான். இருக்கை மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் பேட்டரி முழுகிவிட்டது என்று அர்த்தம். ஷாக் அடிக்கும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உயர் அழுத்தச் சுற்று காரின் உடம்போடு இணையாமல் தனியாக இருக்கிறது, கசிவு தெரிந்தால் கணினி எச்சரிக்கை விளக்கைப் போடும். நிஜ ஆபத்து மெதுவாக வருவது: மாட்யூல்களை இணைக்கிற செம்புப் பட்டைகளில் பச்சை பூத்து, மாசக்கணக்கில் கழித்து ஒவ்வொரு கோடாக எட்டிப்பார்க்கும். ஆகவே பழைய ஆக்வா பார்க்கப் போகும்போது பின் இருக்கையின் அடிப்பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். கம்பளத்துக்கு அடியில் சேறு, போல்ட் தலைகளில் துரு, பட்டைகளில் பச்சை. இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள்.