ஃப்ரீசர் நடுவில் நின்றால்…

பால், தயிர், ஐஸ்கிரீம், இட்லி மாவு என்று நம் மளிகைக் கடைகளில் குளிரில் வைக்க வேண்டிய சரக்கு கூடிக்கொண்டே போகிறது. இவற்றில் கிடைக்கும் லாபம் சொற்பம். ஓர் இரவு ஃப்ரீசர் நின்றால் ஒரு மாத லாபமும் சாக்கடைக்குப் போய்விடும்.

நிற்பதெல்லாம் பழுதல்ல. வைத்த அளவுக்குக் குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்தும். குளிர் குறைந்ததும் ஓட விடும். சரக்கு கல் போல் இருக்கும்போது சத்தம் அடங்கினால் கவலை வேண்டாம். ஐஸ்கிரீம் இளகிக் கிடக்கும்போதே நின்று, சற்று நேரம் கழித்துத் தானே ஓடி, மறுபடி 'டக்'கென்று நின்றால்தான் கோளாறு.

கம்ப்ரஸரின் பக்கத்தில் 'ஓவர்லோடு' என்று ஒரு சிறிய காப்பு இருக்கிறது. சூடு மிஞ்சினால் அதனுள் இருக்கும் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் சேரும். இதைக் கழற்றிவிட்டு நேராக வயரை இணைத்துக் கொடுக்கும் மெக்கானிக்குகள் உண்டு. அன்றைக்கு ஃப்ரீசர் ஓடும். பிறகு காயில் எரிந்து கம்ப்ரஸரே போகும். இதற்கு மட்டும் நாம் சம்மதிக்கவே கூடாது.

சரி, சூடு ஏன் மிஞ்சுகிறது? நம் கடைகளில் பெரும்பாலும் இடநெருக்கடிதான். கண்ணாடிக் கதவுள்ள கூலர்களில் பெரும்பாலும் அடியில் கண்டென்சரும் விசிறியும் இருக்கும். மைதாத் தூசியும் சாக்கு நாரும் அங்கே போய் மெத்தை போலப் படிந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். விசிறி சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பெட்டி ஃப்ரீசர்கள் பலவற்றில் குழாய் பக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. பக்கங்கள் சுடுவது இயல்பு. அதன் மேல் அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்தால் சூடு எங்கே போகும்? நாலா பக்கமும் அரைச் சாணாவது இடம் விட வேண்டும்.

அடுத்தது வோல்டேஜ். 230 வர வேண்டிய இடத்தில் மாலை நேரத்தில் வெகுவாக இறங்கினால் மோட்டார் திணறி, அதிக மின்சாரம் இழுத்துச் சூடாகும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டினாலும் இதே கதைதான். பிளக் சுட்டாலோ கருத்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். கரண்ட் போய் வந்ததும் கடைப்பையன் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்ப்பதும் கெடுதல். குழாய்க்குள் அழுத்தம் சமமாகச் சில நிமிடம் வேண்டும். அதனால் தாமதித்து மின்சாரம் விடும் ஸ்டெபிலைசராகப் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் உறுமிவிட்டு நின்றால் ரிலே அல்லது கெப்பாசிட்டர் போயிருக்கலாம். இது மெக்கானிக் வேலை. கெப்பாசிட்டரில் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், நாம் கை வைக்கக் கூடாது. லேபிளில் ஆர் 600ஏ அல்லது ஆர் 290 என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. அதற்குப் பழகியவரைத்தான் அழைக்க வேண்டும். ஐஸ்கிரீம் கம்பெனி கொடுத்த பெட்டியானால் திறக்கவே வேண்டாம், ஏஜெண்டிடம் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள்.

ஆள் வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 டிகிரி வேண்டும். உருகி மறுபடி உறைந்ததை விற்க வேண்டாம், தனியே எடுத்து வையுங்கள். எத்தனை நிமிடம் ஓடுகிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.